டிராவலா, ஸ்டாஃபா, லோக்கலா? அமெரிக்க நர்ஸ் சம்பளமும் ஏஜென்சி போடும் கணக்கும்

அமெரிக்காவில் வேலை பார்க்கும் நம்மூர் நர்ஸ்கள் இருக்கிற எந்த வாட்ஸப் குழுவிலும் இந்தக் கேள்வி அடிக்கடி வந்துகொண்டே இருக்கும்: "ஸ்டாஃப் வேலையை விட்டுட்டு டிராவல் போகலாமா? வாரத்துக்கு ரெண்டாயிரத்துக்கு மேல தர்றாங்களாம்." ஸ்டாஃப் என்றால் ஆஸ்பத்திரியிலேயே நிரந்தர வேலை, டிராவல் என்றால் ஏஜென்சி வழியாக வெளியூர் ஆஸ்பத்திரியில் சில வாரக் காண்ட்ராக்ட். கொரோனா நேரத்தில் போய்க் கார் கடனை ஒரே மூச்சில் அடைத்தவர் "யோசிக்காம கிளம்பு" என்பார். போன வருஷம் போய், நான்காவது வாரமே காண்ட்ராக்ட் ரத்தாகி, கட்டின வாடகையும் திரும்பாமல் வந்தவர் "அந்தப் பக்கமே போகாதே" என்பார். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. ஆனால் கேட்டவருக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா, வீடு எந்த ஊரில், இப்போது மணிக்கு என்ன வாங்குகிறார், எந்த மாநில லைசென்ஸ் என்று யாரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை. அது தெரியாமல் இந்தக் கணக்கைப் போடவே முடியாது, ஏனென்றால் ஒரே ஆஸ்பத்திரி, ஒரே ஷிஃப்ட், ஒரே ரேட் என்றாலும் இரண்டு பேர் கையில் நிற்கும் தொகை ஒன்றாக இருக்காது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இன்றைய ரேட்டில், குடும்பத்தோடு ஒரு ஊரில் ஊன்றிவிட்டவர்களுக்குத் தூரத்து டிராவல் பெரும்பாலும் கட்டுப்படியாகாது. வீட்டுச் சுமை இல்லாத தனி ஆளுக்குக் கட்டும், அதுவும் "வரியில்லாப் பணம்" என்று ஏஜென்சிகள் காட்டும் ஆசைக்காக இல்லை, வரியை முழுசாகக் கட்டிய பிறகும் கட்டும். எப்படி என்று பார்ப்போம்.

முதலில் அடிப்படை. டிராவல் காண்ட்ராக்ட் என்றால் வழக்கமாக 13 வாரம், வாரத்துக்கு மூன்று 12 மணி நேர ஷிஃப்ட், மொத்தம் 36 மணி. வேலை ஆஸ்பத்திரியில், முதலாளி ஏஜென்சி. சம்பளம், இன்ஷூரன்ஸ், வரித் தாள் எல்லாம் ஏஜென்சியிடமிருந்துதான். ஆஸ்பத்திரி மணிக்கு இவ்வளவு என்று ஏஜென்சிக்குக் கட்டும், அதைத்தான் பில் ரேட் என்கிறார்கள். அந்தப் பில் ரேட் என்ன என்று நர்ஸிடம் யாரும் தானாக வந்து சொல்லமாட்டார்கள்.

2020 முதல் 2022 ஆரம்பம் வரை இந்த ரேட் எங்கேயோ போய்விட்டது. வாரம் 5,000 டாலர் சாதாரணமாகக் கிடைத்தது, நெருக்கடியான இடங்களில் அதைவிடவும் மேலே போனது. 2022 ஜனவரியில் கிட்டத்தட்ட 200 காங்கிரஸ் உறுப்பினர்கள் சேர்ந்து, ஏஜென்சிகள் நெருக்கடியைப் பயன்படுத்தி விலை ஏற்றுகின்றனவா என்று விசாரிக்கச் சொல்லி வெள்ளை மாளிகைக்கே கடிதம் எழுதினார்கள். அப்புறம் அலை வடிந்தது. ஏ.எம்.என். ஹெல்த்கேர் என்ற பெரிய ஏஜென்சியின் வருமானத்தைப் பார்த்தாலே போதும்: 2022-ல் 524 கோடி டாலர், 2024-ல் 298 கோடி. ஆகவே 2021-ல் போனவர் சொல்லும் எண்ணை வைத்து இன்றைக்கு யாரும் முடிவெடுக்கக் கூடாது. அந்தச் சந்தை இப்போது இல்லை.

இனி ஒரு ஆஃபரைப் பிரித்துப் பார்க்கலாம். எங்கள் யூனிட்டில் இருக்கும் மதுரைப் பெண் ஒருத்தி பிரேக் ரூமில் ஃபோனை நீட்டினாள். ஏஜென்சிக்கு ஆள் பிடிக்கும் ரெக்ரூட்டர் அனுப்பியிருந்தது இவ்வளவுதான்: "டெலி ஆர்.என்., நைட்ஸ், 3 x 12, 13 வாரம், வாரம் 2,110 டாலர் கிராஸ். இன்னிக்கே சப்மிட் பண்ணிடலாமா?" டெலி என்றால் நோயாளியின் இதயத் துடிப்பைக் கருவியில் கண்காணிக்கும் வார்டு, ஆர்.என். என்றால் பதிவு பெற்ற நர்ஸ், கிராஸ் என்றால் வரி பிடிக்கும் முன் உள்ள தொகை.

"அக்கா, இப்ப எனக்கு மணிக்கு 45, வாரம் ஆயிரத்து அறுநூறு சொச்சம். இது ரெண்டாயிரத்து நூறு. ஐநூறு கூடத்தானே வருது?"

"இதுல சம்பளம் எவ்வளவுன்னு கேட்டியாம்மா?"

"அதான் போட்டிருக்காங்களே, ரெண்டாயிரத்து நூத்திப் பத்து."

பிரித்துப் பார்த்தால், அந்த 2,110-ல் சம்பளம் என்று பெயர் உள்ளது 864 டாலர் மட்டும்தான். மணிக்கு 24 வீதம் 36 மணிக்கு. மீதி 1,246 டாலர், ஸ்டைபெண்ட், அதாவது படி. தங்க ஒரு நாளைக்கு 110, சாப்பாட்டுக்கும் சில்லறைச் செலவுக்கும் 68, இரண்டும் ஏழு நாளைக்கு. இந்த 110, 68 எல்லாம் ஏஜென்சி குத்துமதிப்பாகப் போட்டதல்ல. மத்திய அரசு ஊழியர் வெளியூர் வேலைக்குப் போனால் ஊருக்கு ஊர் எவ்வளவு படி என்று ஜி.எஸ்.ஏ. என்ற அரசு அமைப்பு வருஷா வருஷம் பட்டியல் போடும். பட்டியலில் தனியாகப் பெயர் வராத ஊர்களுக்குப் பொதுவான அளவு இதுதான். ஏஜென்சிகள் அதை உச்சவரம்பாக வைத்துக்கொண்டு, முடிந்தவரை பணத்தை ஸ்டைபெண்ட் பக்கம் தள்ளும். உங்களுக்கு வரி குறைகிறது என்பது உண்மை. ஏஜென்சிக்கும் லாபம், ஏனென்றால் ஸ்டைபெண்ட் பகுதிக்கு அது முதலாளி பங்காகக் கட்ட வேண்டிய 7.65 சதவீத சோஷியல் செக்யூரிட்டி, மெடிகேர் வரி கிடையாது.

இப்போது ஆஸ்பத்திரி பக்கத்திலிருந்து பாருங்கள். உதாரணத்துக்குப் பில் ரேட் மணிக்கு 85 டாலர் என்று வைத்தால் வாரத்துக்கு 3,060. உங்களுக்கு வருவது 2,110. நடுவில் இருக்கும் 950 எங்கே போகிறது? பெரிய ஆஸ்பத்திரிகள் ஒவ்வொரு ஏஜென்சியோடும் தனித்தனியாகப் பேசுவதில்லை, எம்.எஸ்.பி. என்று ஒரே ஒரு நிறுவனத்திடம் மொத்தப் பொறுப்பையும் கொடுத்துவிடும். அந்த நிறுவனம் மற்ற ஏஜென்சிகளுக்கு இடங்களைப் பிரித்துக் கொடுத்து, பில்லில் சில சதவீதம் எடுத்துக்கொள்ளும். அது 4 சதவீதம் என்றால் 120 சொச்சம் போச்சு. முதலாளி பங்கு வரி 66. மீதியில்தான் விபத்துக் காப்பீடு, மால்பிராக்டிஸ் இன்ஷூரன்ஸ், உடல்நல இன்ஷூரன்ஸில் ஏஜென்சி பங்கு, பேப்பர் சரிபார்க்கும் ஆட்கள், ரெக்ரூட்டர் கமிஷன், அப்புறம் லாபம். ஏஜென்சி என்றாலே கொள்ளை என்று பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. கிராஸ் கண்ட்ரி என்ற, பங்குச் சந்தையில் இருக்கும் ஏஜென்சியின் கணக்கில் மொத்த மார்ஜின் வருமானத்தில் 20 சதவீதத்தை ஒட்டித்தான் இருக்கிறது, அதிலிருந்துதான் அலுவலகச் செலவே நடக்க வேண்டும். ஆனால் அந்த 20 கல்வெட்டு இல்லை. ஒரே இடத்துக்கு ஒருவர் 2,110 சொல்லும்போது இன்னொருவர் 2,260 சொல்வது சர்வ சாதாரணம். ஆஸ்பத்திரி கொடுப்பது அதே தொகைதான், தங்களுக்கு என்று எடுத்துவைப்பதில்தான் வித்தியாசம்.

சரி, வரிக்கு வருவோம். குழப்பமே இங்கேதான்.

ஸ்டைபெண்டுக்கு வரியில்லை என்பது எல்லோருக்கும் பொருந்தாது. உங்களுக்கு டாக்ஸ் ஹோம் (வரிக் கணக்கில் உங்கள் சொந்த ஊர்) என்று ஒன்று இருந்து, அங்கிருந்து தற்காலிகமாக வெளியூர் போனால்தான் பொருந்தும். ஐ.ஆர்.எஸ். என்ற அமெரிக்க வருமான வரித் துறை மூன்று விஷயம் பார்க்கும்: சொந்த ஊர்ப் பகுதியிலும் நீங்கள் கொஞ்சமாவது வேலை செய்து அந்த வீட்டில் தங்குகிறீர்களா, வேலைக்காக வெளியூரில் இருப்பதால் இரண்டு இடத்திலும் தங்கும் செலவு ஆகிறதா, அந்த ஊரை விட்டு விலகிவிடாமல், குடும்பம் அங்கே இருந்தோ நீங்கள் அடிக்கடி வந்துபோயோ அந்த வீட்டைப் புழங்குகிறீர்களா. மூன்றும் இருந்தால் கவலையில்லை. இரண்டு இருந்தால் உங்கள் சூழ்நிலையைப் பொறுத்து. ஒன்றுதான் என்றால் நீங்கள் ஊர் ஊராகத் திரியும் ஆள், எங்கே வேலை செய்கிறீர்களோ அதுவே டாக்ஸ் ஹோம், ஸ்டைபெண்ட் முழுக்க வரிக்கு உட்பட்டது. இது போக, ஒரே இடத்தில் ஒரு வருஷத்துக்கு மேல் இருக்கப்போகிறீர்கள் என்று ஆகிவிட்டால் தற்காலிகம் என்ற பேச்சே போய்விடும்.

நம் ஆட்களிடம் ஒரு பழக்கம் உண்டு. டல்லாஸில் சித்தப்பா வீட்டு முகவரியைப் போட்டு, "இதுதான் என் நிரந்தர வீடு" என்று ஏஜென்சி ஃபாரத்தில் கையெழுத்துப் போட்டுவிடுவது. வாடகை கிடையாது, வந்துபோவது தீபாவளிக்கு ஒரு தரம். இது டாக்ஸ் ஹோம் ஆகாது. ரெக்ரூட்டர் இதைக் கேள்வி கேட்கமாட்டார், ஃபாரம் வாங்கியதோடு அவர் வேலை முடிந்தது. பின்னால் ஐ.ஆர்.எஸ். கேட்டால் பதில் சொல்ல வேண்டியது நீங்கள். "50 மைலுக்கு அப்பால் போனால் வரியில்லை" என்பதும் அப்படித்தான். அது ஆஸ்பத்திரிகளும் ஏஜென்சிகளும் தங்கள் வசதிக்கு வைத்துக்கொண்ட தூரம், வரிச் சட்டத்தில் அப்படி ஒரு விதி இல்லை.

இப்போது மூன்று பேருக்குக் கணக்குப் போடுகிறேன். மாநில வருமான வரி இல்லாத டெக்சஸ் மாதிரி இடம், 2025 வரி விகிதம், தனி ஆளாகத் தாக்கல். மணிக்கு 45 டாலர் என்பதும் நானாகப் பிடித்த எண் இல்லை: 2024 மே கணக்குப்படி அமெரிக்காவில் ஆர்.என். நடுத்தரச் சம்பளம் வருஷத்துக்கு 93,600, அதாவது மணிக்கு 45.

ஸ்டாஃப் நர்ஸ்: வாரம் 36 மணி, 1,620 டாலர். வரி போகக் கையில் சுமார் 1,304. லீவுக்கும் சம்பளம் உண்டு என்பதால் 52 வாரமும் கணக்கில் வரும், வருஷத்துக்கு 67,800. வீட்டு வாடகை மாதம் 1,800 என்றால் மிச்சம் 46,200.

டாக்ஸ் ஹோம் உள்ள டிராவல் நர்ஸ்: வரி 864-க்கு மட்டும். கையில் வாரம் 1,986. பார்க்கப் பிரமாதமாக இருக்கிறது. ஆனால் காண்ட்ராக்டுக்குக் காண்ட்ராக்ட் இடைவெளி விழும், லீவுச் சம்பளம் கிடையாது, எனவே வருஷத்துக்கு 46 வாரம் என்று வைப்பதே தாராளம். 91,350 வருகிறது. அதில் சொந்த வீட்டு வாடகை 21,600 போகும். போன ஊரில் சாமான் சட்டியோடு ஒரு அறை, மாதம் 1,900 என்று பத்தரை மாதத்துக்கு இன்னொரு 19,950. மிச்சம் 49,800.

அதாவது வருஷம் முழுக்கப் பெட்டி தூக்கி, புது யூனிட், புது சார்ட்டிங் சிஸ்டம், புது பார்க்கிங் என்று அலைந்து, ஸ்டாஃபைவிட 3,600 டாலர் கூடுதல். கணவர் சம்பளமும் சேர்ந்து வரி அடுக்கு உயரும் குடும்பமாக இருந்தால் இந்த வித்தியாசம் இன்னும் கொஞ்சம் கூடும். ஆனால் ஸ்டாஃப் வேலையில் ஆஸ்பத்திரி போடும் ஓய்வூதிய மேட்ச், மலிவான குடும்ப இன்ஷூரன்ஸ், மாதம் ஒருமுறை பிள்ளைகளைப் பார்க்க வரும் விமான டிக்கெட் எல்லாவற்றையும் வைத்துப் பார்த்தால் அந்தக் கூடுதல் இருந்த இடம் தெரியாது.

மூன்றாவது ஆள், டாக்ஸ் ஹோமே இல்லாத தனிக்கட்டை. 2,110-க்கும் வரி. கையில் வாரம் சுமார் 1,670. 46 வாரத்துக்கு 76,800. வாடகை எங்கே இருக்கிறாரோ அங்கே மட்டும், வருஷத்துக்கு 22,800. மிச்சம் 54,000!

வரி அதிகம் கட்டியவருக்குத்தான் மிச்சம் அதிகம். பலருக்கு இது நம்ப முடியாததாக இருக்கும், ஆனால் யோசித்தால் விஷயம் எளிது. டாக்ஸ் ஹோம் இருப்பதால் மிச்சமாகும் வரி வருஷத்துக்குச் சுமார் 14,500, மாதம் 1,200. அந்த வீட்டை வைத்திருக்க மாதம் 1,200-க்கு மேல் செலவானால், வரிக்காக மட்டும் அதைப் பிடித்துக்கொண்டிருப்பது நஷ்டம். குடும்பம் அங்கே இருந்தால் வேறு வழியில்லை, வீடு எப்படியும் வேண்டும். தனி ஆள், பூட்டிக் கிடக்கும் அபார்ட்மென்ட்டுக்கு மாதா மாதம் 1,800 கட்டி "வரி மிச்சம் பிடிக்கிறேன்" என்பதில் அர்த்தமே இல்லை. ஏஜென்சியிடம் டாக்ஸ் ஹோம் இல்லை என்று உண்மையைச் சொல்லி, முழுசையும் வரிக்குரிய சம்பளமாகவே போடச் சொல்லலாம். மணிக்கு 58 டாலர் சொச்சம் என்று வரும், நிம்மதியாக வரி கட்டிவிட்டுத் தூங்கலாம். முதலாளி பங்கு வரி கூடுவதால் சில ஏஜென்சி ஒன்றிரண்டு டாலர் குறைக்கும், பரவாயில்லை.

இது எல்லாம் 45 டாலர் வாங்குபவர் கணக்கு. நீங்கள் இப்போது வாங்குவது 33, 34 டாலர் என்றால் (தெற்கத்தி மாநிலச் சின்ன ஊர்களில் அப்படித்தான்) தராசு டிராவல் பக்கம் நன்றாகவே சாயும். கலிஃபோர்னியாவில் ஏற்கெனவே ஸ்டாஃபாக இருப்பவர் டிராவலை நினைக்கவே வேண்டாம், அங்கே ஆர்.என். சராசரியே வருஷத்துக்கு 1,40,000 டாலருக்கு மேல். வெளி மாநிலத்திலிருந்து அங்கே போவதற்கு மட்டும் நான் எப்போதும் ஆதரவு, பணம் ஒரு பக்கம், ஒரு நர்ஸுக்கு எத்தனை நோயாளி என்பதற்கு அங்கே மாநிலம் முழுக்கச் சட்டம் இருக்கிறது. டெலியில் 4, மெட்-சர்ஜ் என்ற பொது மருத்துவ, அறுவை சிகிச்சை வார்டில் 5. டெக்சஸில் நைட் ஷிஃப்டில் ஆறு, ஏழு பார்த்தவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

குடும்பம் இருப்பவர்கள் டிராவலையும் ஸ்டாஃபையும் மட்டும் ஒப்பிடுவதை நிறுத்திவிட்டு, நடுவில் இருக்கும் இரண்டு வழிகளைப் பார்க்க வேண்டும். ஒன்று லோக்கல் காண்ட்ராக்ட். வீட்டிலிருந்து ஓட்டிப் போய் வரும் தூரத்தில் அதே 13 வாரம், ஏஜென்சி வழியாகவே. ஸ்டைபெண்ட் கிடையாது, எல்லாம் வரிக்குரிய சம்பளம், டிராவலைவிட ரேட் கொஞ்சம் குறையும், ஆனால் இரண்டாவது வாடகை இல்லை, ராத்திரி வேலை முடிந்து பிள்ளையை ஸ்கூலில் விட்டுவிட்டுத் தூங்கலாம். சில ஆஸ்பத்திரிகள் குறிப்பிட்ட மைலுக்குள் இருப்பவரை ஏஜென்சி வழியாக எடுக்காது, அதை முதலிலேயே கேட்டுக்கொள்ளவும். இன்னொன்று ஆஸ்பத்திரிக் குழுமங்கள் தாங்களே நடத்தும் ஃப்ளோட் பூல், அதாவது தேவைக்கேற்ப இடம் மாற்றி அனுப்பும் நர்ஸ் குழு. பிட்ஸ்பர்க்கில் யு.பி.எம்.சி. என்ற ஆஸ்பத்திரிக் குழுமம் 2021 டிசம்பரில் தன் ஆஸ்பத்திரிகளுக்குள் மட்டும் சுற்றும் சொந்த ஏஜென்சியைத் தொடங்கியபோது ஆர்.என்.களுக்கு மணிக்கு 85 டாலர் என்று அறிவித்தது. அப்புறம் பல குழுமங்கள் அதே வழியில் வந்தன. ரேட் இன்று அவ்வளவு இருக்காது, ஆனாலும் ஸ்டாஃபைவிடக் கூடுதல், நடுவில் ஏஜென்சி மார்ஜின் இல்லை, இன்ஷூரன்ஸ் அறுந்துபோகாது. பெரிய குழுமம் இருக்கும் ஊரில் குடும்பத்தோடு இருப்பவர்களுக்கு என் முதல் ஓட்டு இதற்குத்தான். ஒரு வாரம் இந்த ஆஸ்பத்திரி, அடுத்த வாரம் அந்த ஆஸ்பத்திரி என்று ஃப்ளோட் ஆவது மட்டும் எல்லோருக்கும் ஒத்துவராது.

இதையெல்லாம் தாண்டி டிராவல்தான் என்று முடிவு செய்துவிட்டீர்கள் என்றால், அடுத்தது எந்த ஏஜென்சி. ஆயா, ஏ.எம்.என்., கிராஸ் கண்ட்ரி, மெடிக்கல் சொல்யூஷன்ஸ் மாதிரிப் பெரியவற்றில் இடங்கள் அதிகம். அவற்றில் சில தாமே எம்.எஸ்.பி.யாக இருக்கும் ஆஸ்பத்திரிகளில் உங்கள் ஃபைல் முதலில் மேஜைக்குப் போகும், எம்.எஸ்.பி. கழிவும் வெளியே போகாது. அந்த மிச்சம் உங்கள் பாக்கெட்டுக்கு வரும் என்று மட்டும் எண்ணிவிடாதீர்கள். சின்ன ஏஜென்சியில் ரெக்ரூட்டருக்கு உங்கள் பெயர் ஞாபகம் இருக்கும், ராத்திரி ரெண்டு மணிக்கு யூனிட்டில் பிரச்சினை என்றால் ஃபோன் எடுப்பார், மார்ஜினைக் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும் அதிகாரமும் பல நேரம் அவரிடமே இருக்கும். ஆனால் காண்ட்ராக்ட் ரத்தானால் அடுத்த வாரமே வேறு இடம் காட்ட அவரிடம் கையிருப்பு குறைவு. நான் ஒரு பெரியதும் ஒரு சின்னதுமாக வைத்துக்கொள்ளச் சொல்வேன். விவியன் மாதிரி நர்ஸ் வேலைத் தளங்களில் ரேட் பார்த்துக்கொள்ளலாம், போட்டிருக்கும் தொகை ஆளைப் பிடிக்கப் போட்டதாகவும் இருக்கும் என்ற நினைப்போடு. ஒரே யூனிட்டுக்கு இரண்டு ஏஜென்சி வழியாக மட்டும் பெயர் போய்விடக் கூடாது. யார் வழியாக வந்தவர் என்ற சண்டையில் ஆஸ்பத்திரி இரண்டையும் தள்ளிவிட்டு அடுத்த ஆளைப் பார்க்கும். அதனால்தான் "இன்னிக்கே சப்மிட் பண்ணிடலாமா" என்று கேட்டால், எந்த ஆஸ்பத்திரி, எந்த யூனிட் என்று எழுத்தில் வாங்காமல் சரி சொல்லக் கூடாது.

காண்ட்ராக்டில் ரேட்டைவிட முக்கியமான வரிகள் சில உண்டு. ஓவர்டைம் அதில் முதலாவது. மேலே சொன்ன 24 டாலர் ஆளை எடுத்துக்கொள்ளுங்கள். நான்காவது ஷிஃப்ட் எடுத்தால் முதல் 4 மணிக்கு 24 வீதம், 40 மணியைத் தாண்டிய 8 மணிக்கு 36 வீதம், மொத்தம் 384 டாலர். அதே கூடுதல் ஷிஃப்டுக்கு 45 டாலர் ஸ்டாஃப் நர்ஸுக்கு 720! பக்கத்துப் பெட்டில் நிற்கும் ஸ்டாஃப் வாங்குவதில் பாதிதான் உங்களுக்கு என்பது முதல் சம்பளச் சீட்டு வரும்வரை பலருக்குத் தெரிவதில்லை. இது கோர்ட்டுக்கே போன விஷயம். கிளார்க் எதிர் ஏ.எம்.என். வழக்கில் 2021-ல் ஒன்பதாவது சர்க்யூட் அப்பீல் கோர்ட், ஷிஃப்ட் தவறினால் படியும் குறைகிறது என்றால் அது படி இல்லை, வேலைக்கான கூலிதான், ஓவர்டைம் கணக்கில் அதையும் சேர்க்க வேண்டும் என்று சொன்னது. கலிஃபோர்னியா, வாஷிங்டன், அரிசோனா போன்ற மேற்கு மாநிலங்கள் அந்தக் கோர்ட்டின் எல்லையில் வருகின்றன. எங்கே போனாலும், கூடுதல் ஷிஃப்ட் எடுக்கும் எண்ணம் இருந்தால் கையெழுத்துக்கு முன்னாலேயே ஓவர்டைம் ரேட்டைத் தனியாகப் பேசி எழுதி வாங்கிவிடுங்கள், கேட்டால் பெரும்பாலும் ஏற்றிக் கொடுப்பார்கள்.

அடுத்தது உத்தரவாத மணி. நோயாளி குறைவு என்று ஆஸ்பத்திரி உங்களை வரவேண்டாம் என்று சொன்னால் அந்த ஷிஃப்டுக்குக் காசு உண்டா? "36 மணி கேரண்டி" என்று வாயால் சொல்வார்கள், காண்ட்ராக்டைப் புரட்டினால் இரண்டு வாரத்துக்கு ஒரு ஷிஃப்ட் சம்பளமில்லாமல் ரத்து செய்ய ஆஸ்பத்திரிக்கு உரிமை என்று இருக்கும். அப்படி இருந்தால் 2,110 என்பது சில வாரம் 1,400 சொச்சம். ரத்து விதியும் அதே பக்கத்தில்தான் இருக்கும்: ஆஸ்பத்திரி முடித்தால் எத்தனை நாள் நோட்டீஸ், நீங்கள் முடித்தால் எவ்வளவு அபராதம். இந்த இரண்டும் ஒரே அளவில் இருக்கும் காண்ட்ராக்ட் அபூர்வம். ரேட் சரிந்த 2022-ல் நடு காண்ட்ராக்டில் "இனி இவ்வளவுதான், இஷ்டமிருந்தால் இரு" என்று குறைத்ததற்காகப் பெரிய ஏஜென்சிகள் மீது நர்ஸ்கள் வழக்கே போட்டார்கள். போன ஊரில் 13 வாரத்துக்கும் சேர்த்து வாடகை ஒப்பந்தம் போடாமல் மாதா மாதம் இருக்கும்படி பார்த்துக்கொள்வது இதனால்தான்.

குறைந்த வரிச் சம்பளத்துக்கு இன்னொரு விலையும் உண்டு. வேலையில் அடிபட்டால் வரும் இழப்பீடு, வேலையிழப்புத் தொகை, பின்னாளில் சோஷியல் செக்யூரிட்டி எல்லாம் பெரும்பாலும் அந்த 864-ஐ ஒட்டித்தான் கணக்காகும், 2,110-ஐ அல்ல. வீட்டுக்கடனுக்குப் போனாலும் வங்கி முதலில் பார்ப்பது வரித் தாளைத்தான். சிட்டிசன் ஆனபிறகு ஊரிலிருந்து அம்மா அப்பாவை கிரீன் கார்டில் கூப்பிட நினைப்பவர்கள் இதைக் கூடுதலாகக் கவனிக்கவும். நீங்கள் நான்கு பேர், வருகிறவர்கள் இரண்டு பேர், மொத்தம் ஆறு என்றால் 2025 அளவுகோல்படி குடும்ப வருமானம் 53,937 டாலராவது காட்ட வேண்டும். வாரம் 864 வீதம் 46 வாரத்துக்கு வரித் தாளில் தெரிவது 40,000-க்குள். கணவர் சம்பளம் சேர்ந்தால் பிரச்சினையில்லை, இல்லையென்றால் மீதியைத் தனியாக ஆவணம் வைத்து விளக்கிக்கொண்டிருக்க வேண்டும்.

இங்கே பேசும் ஏஜென்சிகளை, ஊரிலிருந்து இ.பி.-3 என்ற வேலைவழி கிரீன் கார்டு விசாவில் ஆள் எடுக்கும் ஏஜென்சிகளோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அங்கே இரண்டு, மூன்று வருஷம் கட்டாயம் வேலை செய்ய வேண்டும், நடுவில் விட்டால் அபராதம் என்று ஒப்பந்தம் இருக்கும். பிலிப்பைன்ஸ் நர்ஸ்கள் தொடுத்த வழக்கில் நியூயார்க் மத்தியக் கோர்ட் 2019-ல் 25,000 டாலர் அபராத விதியைச் செல்லாது என்று தள்ளியிருக்கிறது. அப்படி ஒரு ஒப்பந்தத்தில் இருப்பவர்கள் டிராவல் ரேட் பார்த்து மனதைக் கெடுத்துக்கொள்ளும் முன் ஒரு வக்கீலிடம் அந்தத் தாளைக் காட்டுவது நல்லது.

கடைசியாக, லைசென்ஸும் வேலை அனுமதியும். காம்பாக்ட் லைசென்ஸ் என்ற பல மாநிலப் பொது லைசென்ஸ் சுமார் 40 மாநிலங்களில் செல்லும். டெக்சஸ், ஃபுளோரிடா, ஜார்ஜியா, நார்த் கரோலினா, நியூ ஜெர்சி எல்லாம் அதில் உண்டு. கலிஃபோர்னியா, நியூயார்க், இல்லினாய்ஸ் இல்லை. அது நீங்கள் குடியிருக்கும் மாநிலம் தருவது, எனவே சிகாகோவில் குடியிருப்பவருக்கு எத்தனை பரீட்சை பாஸ் செய்திருந்தாலும் காம்பாக்ட் கிடைக்காது. கலிஃபோர்னியா லைசென்ஸ் கைக்கு வரச் சில சமயம் மாதக்கணக்கில் ஆகும், ஆஃபர் வந்தபிறகு விண்ணப்பித்தால் அந்த இடம் போய்விடும். எச்-4 (எச்-1பி விசாக்காரரின் துணைக்கான விசா) அனுமதி அட்டையில் வேலை செய்பவர்கள் காலாவதித் தேதியை 13 வாரத்தோடு பொருத்திப் பாருங்கள். 2025 அக்டோபர் 30 முதல் போடும் புதுப்பிப்பு விண்ணப்பங்களுக்குப் பழைய அட்டை தானாக நீளும் சலுகை இல்லை. அட்டை எட்டாவது வாரத்தில் முடிகிறது, புதியது இன்னும் வரவில்லை என்றால், ஸ்டாஃப் வேலையில் மேனேஜரிடம் பேசிச் சம்பளமில்லா விடுப்பாவது கேட்டுப் பார்க்கலாம், டிராவலில் அன்றோடு காண்ட்ராக்ட் முடிந்தது, சில ஏஜென்சிகள் மீதி வாரங்களுக்கான அபராதத்தையும் கேட்கும்.